இரண்டாம் தடவை போனவர்கள்: புத்தளம் முகாம்களில் உருவான தலைமை

கம்பஸில படிக்கிற எங்களுக்குத் 'தலைமைத்துவப் பயிற்சி' புதிய விஷயமில்லை. ஒரு மண்டபம், ஒரு புரொஜெக்டர், குழுவாகப் பிரித்து ஒரு விளையாட்டு, பகல் சாப்பாடு, பின்னேரம் சான்றிதழ். எங்களில் பலருடைய ஃபைலுக்குள் அப்படி நாலைந்து கிடக்கின்றன. ஆனால் ஊரில் ஒரு பிரச்சினை என்றால் சனம் எங்களைத் தேடி வருவதில்லை. ஒரு சான்றிதழும் இல்லாத பக்கத்து வீட்டு ராத்தாவைத்தான் தேடிப் போகுது. ஏன் அப்படி என்று யோசித்தபோதுதான் எங்கட கரையின் வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்த்தோம்.

1990 ஒக்டோபர். வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி ஒலிபெருக்கியில் அறிவித்துக் கூப்பிட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் போகச் சொன்னார்கள். மன்னார்த் தீவுச் சனம் படகேறிக் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கியது. ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 பேர். அதில் பெரும்பகுதி புத்தளம் மாவட்டத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் திறந்துவிடப்பட்டன. புத்தளம் சனம் சோறாக்கிக் கொடுத்தது. அதை மறக்கக் கூடாது. பிறகு தில்லையடி, பாலாவி, ஆலங்குடா, நுரைச்சோலை என்று கிடுகுக் கொட்டில்கள் பரவின. நாள் போகப் போக காணி, தொழில், பல்கலைக்கழக அனுமதி என்று உள்ளூர்க்காரருக்கும் வந்தவர்களுக்கும் இடையில் மனக்கசப்பும் வளர்ந்தது. 'அகதி' என்பது ஒரு பெயராகவே ஒட்டிக்கொண்டது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேணும். கடை வைத்திருந்தவருக்கு இங்கே கடையில்லை. தோணி வைத்திருந்தவருக்குத் தோணியில்லை. ஊரில் தலைவர்களாக இருந்த பெரிய மனிதர்களின் செல்வாக்கெல்லாம் காணியிலும் வியாபாரத்திலும் நின்றது. அது இரண்டும் போனதும் அந்தத் தலைமையும் ஆட்டம் கண்டது. பலருடைய வாக்காளர் பதிவு நீண்ட காலம் வடக்கிலேயே இருந்தது. வாக்கு அங்கே, வாழ்க்கை இங்கே. அப்படியானவர்களுக்காக உள்ளூர் பிரதேச சபையில் வாய் திறக்க எந்த அரசியல்வாதிக்கும் பெரிய அவசரம் இருக்கவில்லை.

அந்த வெற்றிடத்துக்குள் பெண்கள் வந்தார்கள். தலைவியாக வரவேணும் என்று நினைத்து வரவில்லை, வேறு வழியில்லாமல் வந்தார்கள். கற்பிட்டிப் பக்கம் வெங்காயத் தோட்டத்திலும் மிளகாய்த் தோட்டத்திலும் நாட்கூலிக்குப் போனார்கள். உலருணவு நிவாரணத்துக்கு வரிசையில் நின்றார்கள். தொலைந்துபோன பிறப்புச் சான்றிதழுக்காகக் கச்சேரிக்கும் கிராம சேவகரிடமும் அலைந்தார்கள். எந்த போமை எந்த மேசையில் கொடுக்க வேணும், எந்த நாளில் போனால் ஐயா இருப்பார் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படியானது.

முதல் தடவை எல்லாரும் தங்கட வேலைக்காகத்தான் போனார்கள். வேலை முடிந்ததும் பலர் வீட்டுக்குத் திரும்பினார்கள். அது பிழையில்லை. ஆனால் சிலர் இரண்டாம் தடவையும் போனார்கள், இந்த முறை பக்கத்துக் கொட்டில் பெண்ணைக் கூட்டிக்கொண்டு. தலைமை தொடங்குவது அந்த இரண்டாம் பயணத்தில்தான் என்பது எங்கட எண்ணம்.

இதை மிகத் தெளிவாகப் பார்க்கக்கூடிய இடம் காதி நீதிமன்றம். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி காதியாக ஆண் மட்டுமே இருக்கலாம். சட்டத்தரணி வந்து வாதாடவும் முடியாது. கணவன் காரணம் சொல்லாமலே தலாக் கேட்கலாம். மனைவி பஸஹ் கேட்டால் காரணத்தை நிரூபிக்க வேணும், சாட்சி கொண்டுவர வேணும். பிள்ளைச் செலவு கேட்டு வந்த ஒரு பெண், நாலு ஆண்களுக்கு முன்னால் தன் வாழ்க்கையைத் தானே எடுத்துச் சொல்ல வேணும். முதல் நாளில் நாக்கு எழும்பாது. ஏற்கனவே அந்த வாசலை மிதித்த இன்னொருத்தி கூட வந்து, என்ன கேட்பார்கள், எதை எழுதி வாங்க வேணும் என்று சொல்லிக் கொடுத்தால் நிலைமையே வேறு.

புத்தளத்தில் இயங்குகிற முஸ்லிம் பெண்கள் அபிவிருத்தி நம்பிக்கையகம் இப்படியான பெண்களுக்குத் துணை நிற்கிற அமைப்பு. அதை வழிநடத்தும் ஜுவைரியா முஹிதீன் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர். அந்தச் சட்டத்தைத் திருத்தக் கேட்கும் பெண்களில் அவரும் முக்கியமானவர். மன்னாரில் பிறந்து, அதே 1990இல் வெளியேற்றப்பட்ட ஷிரீன் சரூர், தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் ஒன்றாக இயங்கிய மன்னார் பெண்கள் அபிவிருத்திச் சம்மேளனத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். தன்னை ஊரைவிட்டு அனுப்பிய போரின் நடுவிலேயே, 'மற்றப் பக்கத்து'ப் பெண்ணோடு ஒரே பாயில் இருந்து கதைப்பது லேசான காரியமில்லை. எந்தப் பயிற்சிப் பட்டறையும் அதைக் கற்றுத் தராது.

இதோடு 2002ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த ஏப்ரலில் கிளிநொச்சியில் பிரபாகரனும் ரவூப் ஹக்கீமும் கையெழுத்திட்டார்கள். வெளியேற்றத்துக்கு அன்டன் பாலசிங்கம் மன்னிப்புக் கேட்டார். முக்கியமான நாட்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் 12 வருடமாகத் தண்ணீருக்கும் மலசலகூடத்துக்கும் பேரம் பேசிப் பழகிய பெண்களுக்கு அந்த மேசையில் கதிரை இருக்கவில்லை. திரும்பிப் போவதென்றால் கிணறு யாருடையது, வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்ற கேள்விகளை அவர்கள்தான் கேட்டிருப்பார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இது பொய்யாகிவிடும். துன்பம் தானாகவே தலைவரை உருவாக்காது. அதே முகாம்களில் உடைந்துபோனவர்களும் உண்டு. நிவாரணப் பட்டியலை வைத்தே சனத்தை அடக்கியவர்களும் உண்டு. 'கஷ்டப்பட்டால்தான் தலைவராகலாம்' என்று சொல்வது, கஷ்டத்தைக் கொடுத்தவனுக்கு நன்றி சொல்வது மாதிரி. பட்ட அனுபவத்தை இன்னொருவருக்குப் பயன்படுகிற அறிவாக மாற்றியதுதான் அந்தப் பெண்கள் செய்த வேலை. அந்த மாற்றத்துக்குத்தான் 'வளர்ச்சி' என்று பெயர் வைக்கலாம்.

2018 பெப்ரவரியில் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் பெண்களுக்கு 25% ஒதுக்கீடு முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. சட்டம் கதிரையைத் தந்துவிட்டது. அதில் யாரை இருத்துவது என்பது இன்னும் கட்சிக்காரர்களின் கையில்தான். வேட்பாளர் பட்டியல் வரும்போது நாங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இவர் இதுவரை யாருடைய வேலைக்காக இரண்டாம் தடவை போயிருக்கிறார்?

அதே கேள்வியை எங்களிடமும் கேட்டுப் பார்த்தோம். சத்தியமாகச் சொன்னால், எங்களில் அதிகம் பேரிடம் பதில் இல்லை. ஃபைலில் சான்றிதழ்தான் இருக்கு. இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, பக்கத்து வீட்டு ராத்தா யாரையாவது கூட்டிக்கொண்டு கச்சேரிக்கு வெளிக்கிட்டால், பையைத் தூக்கிக்கொண்டு நாங்களும் பின்னால் போகலாம் என்றிருக்கிறோம்.