சொற்செயலியில் அமைந்த தமிழ்க் குறுநூல்கள்: வடிவமும் குறியீடும்

1990களில் தமிழ்நாட்டு அச்சகங்களில் ஈய எழுத்துகளைக் கோக்கும் முறை படிப்படியாகக் குறைந்து, கணிப்பொறி அச்சுக்கோப்பு பரவியது. கையேடுகளையும் கருத்தரங்க மலர்களையும் மொழிபெயர்ப்புக் குறுநூல்களையும் சொற்செயலியிலோ, 1985இல் வெளிவந்த பேஜ்மேக்கர் போன்ற பக்க வடிவமைப்பு மென்பொருளிலோ அமைத்து அச்சிட்டனர். அச்சில் செம்மையாக அமைந்த அவற்றின் கணிப்பொறிக் கோப்புகள் இன்று மொழியாய்வுக்கு எளிதில் பயன்படாமைக்குக் காரணம் யாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அன்று பரவலாக வழங்கிய மென்பொருள்கள் உரோமன் எழுத்துகளைக் கருத்திற்கொண்டு அமைந்தவை. ஓர் எழுத்துருவில் இருந்தவை 256 இடங்களே. எழுத்துரு அமைப்போர் அவ்விடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தினர். வடிவங்களின் வரிசை ஆளுக்கொரு வகையாக அமைந்தது. ஆகவே, கோப்பில் பதிவானது தமிழெழுத்தன்று. குறிப்பிட்ட எழுத்துருவில் அதன் வடிவம் பெற்ற இட எண்ணே.

இதன் விளைவுகள் இரண்டு. முதலாவது, அகரவரிசை சிதைவுறும். 'கெடு', 'தெளி' ஆகிய இரு சொற்களும் கோப்பில் ஒற்றைக்கொம்பிலேயே தொடங்குவதால், வரிசைப்படுத்தும்போது ககரமும் தகரமும் ஓரிடத்தில் கலக்கும். இரண்டாவது, எழுத்து மயக்கம் நேரும். பல எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் பின்பகுதிக்கு ளகர வடிவமே பயன்பட்டது. அதனால், குறியீட்டு மாற்றத்தில் 'கௌரவம்' என்பது 'கெளரவம்' ஆகிவிடக்கூடும். கண் வேறுபாடு காணாது. சொல் தேடும் மென்பொருளோ இவற்றை இரு வேறு சொற்களாகவே கொள்ளும்.

தரப்பாடு அன்று இல்லாமலில்லை. இந்திய மொழிகளுக்கான இஸ்கி 1991இல் இந்தியத் தரமாயிற்று; அதே ஆண்டில் யூனிகோடின் முதற்பதிப்பும் தமிழை உள்ளடக்கி வெளிவந்தது. இவை வடிவத்தை விடுத்து எழுத்தையே குறித்தன. எனினும், கொம்பை எழுத்துக்கு முன்னே கொணர்ந்து காட்டும் திறன் பொதுவான பக்க வடிவமைப்பு மென்பொருள்களில் அன்று இல்லை. அச்சிட வேண்டியோர்க்கு எழுத்துருவே உடனடி வழியாயிற்று. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் மாநாடு தாம், தாப் என்னும் பொதுக் குறியீடுகளைப் பரிந்துரைத்தது. 2010இல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்-16 குறியீட்டையும் ஏற்றது.

அக்காலக் கோப்புகளைச் சொற்றொகுதியில் சேர்ப்போர் எழுத்துருவின் பெயரை முதலில் அறிதல் வேண்டும். மாற்றிய பனுவலை அச்சுப்படியோடு ஒப்பிட்டு மெய்ப்புப் பார்த்தலும் இன்றியமையாதது. எழுத்துருவும் அச்சுப்படியும் ஒருங்கே மறையுமாயின், கோப்பில் எஞ்சுவது வெறும் எண்களின் வரிசையே.