போதைப்பொருள் சார்பு: தங்கிப் பெறும் சிகிச்சையும் வீடு திரும்பிய பின் வரும் மாதங்களும்

கஞ்சா, வலி நிவாரணி மாத்திரைகள், தூக்க மாத்திரைகள், முகர்ந்து போதையேற்றும் பசை ஆகியவற்றுக்கு ஒருவர் அடிமையாவது ஒழுக்கக் குறைபாடு அன்று. அது மூளையின் செயல்பாட்டை மாற்றும், மீண்டும் தலைகாட்டும் இயல்புடைய நாட்பட்ட நோயாகும். நீரிழிவு நோயாளியை ஒரு மாதம் மருத்துவமனையில் வைத்திருந்து, நோய் தீர்ந்துவிட்டதாகக் கூறி எவரும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. போதை நோயைப் பொறுத்தவரை மட்டும் அத்தகைய எதிர்பார்ப்புடனேயே குடும்பத்தினர் வருகின்றனர். திருநெல்வேலி மாவட்டத்திலும் தாமிரபரணிக் கரை ஊர்களிலும் தம் வீட்டுப் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று தேடும் குடும்பங்களுக்காக இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது.

எவருக்குத் தேவை?

பெரும்பாலானோர்க்குப் புறநோயாளி சிகிச்சையே போதும். ஒன்றுக்கு மேற்பட்ட போதைப்பொருள்களைக் கலந்து பயன்படுத்துவோர், வலிப்பு வந்தவர்கள், தற்கொலை எண்ணமோ மனச்சிதைவு அறிகுறிகளோ உள்ளவர்கள், வெளியில் இருந்தபடி பலமுறை முயன்றும் நிறுத்த இயலாதவர்கள் ஆகியோர்க்கே தங்கிப் பெறும் சிகிச்சை அவசியமாகிறது.

முதல் நாட்கள்

போதைப்பொருளை நிறுத்தியவுடன் தோன்றும் விலகல் அறிகுறிகள் பொருளுக்குப் பொருள் மாறுபடும். டேபெண்டடால், டிரமடால் போன்ற அபினி வகை மாத்திரைகளை நிறுத்தினால் ஒரு நாளுக்குள் உடல்வலி, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை தொடங்கி ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை நீடிக்கும். வேதனை மிகுதியெனினும் இதனால் உயிருக்கு ஆபத்து நேர்வது அரிது. மது, தூக்க மாத்திரை ஆகியவற்றின் நிலை வேறு. அவற்றைத் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் ஏற்பட்டு உயிரிழப்பு நேரலாம். ஆகவே, "அறையில் பூட்டிவைத்தால் தானே தெளிந்துவிடும்" என்று வீட்டிலேயே முயல்வது பெரும் ஆபத்து. கஞ்சாவை நிறுத்தியோர்க்கு எரிச்சலும் பசியின்மையும் உறக்கமின்மையும் இரண்டு வாரங்கள் வரை இருக்கக்கூடும். அதற்கெனத் தனி மருந்து இல்லை, ஆலோசனையே முதன்மைச் சிகிச்சை.

அபினி வகைப் பொருள்களுக்கு நாக்கின் அடியில் வைக்கும் புப்ரினார்பின் மாத்திரை பயன்படுகிறது. இதனைப் பல மாதங்கள், சிலருக்குப் பல ஆண்டுகள்கூடத் தொடர வேண்டியிருக்கும். இது ஒரு போதைக்கு மாற்றாக இன்னொரு போதை என்று உறவினர் நிறுத்திவிடுவது மிகத் தவறு. ஊசி மூலம் எடுத்துக்கொண்டவர்களுக்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி பரிசோதனைகள் அவசியம்.

நஞ்சு நீங்கும் இக்கட்டம் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் முடிந்துவிடும். எஞ்சிய நாட்களில் தனிநபர் ஆலோசனை, குழு ஆலோசனை, ஏக்கம் எழும் வேளையை எதிர்கொள்ளும் பயிற்சி ஆகியவை நடைபெறும். குடும்பத்தினர்க்கும் இதில் பங்குண்டு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் தம் கணவரை மதுவுக்குப் பறிகொடுத்த பின் 1980-இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, நோயாளியுடன் குடும்பத்தினர்க்கும் பயிற்சியளிப்பதைச் சிகிச்சையின் பகுதியாகவே வைத்தது. அவ்வமைப்பு திருவாரூர்ப் பகுதியிலுள்ள மஞ்சக்குடியில் கிராம முகாம்களையும் நடத்தியது. ஊரார் பொறுப்பேற்ற அம்முகாம்கள், ஊருக்கு அருகிலேயே சிகிச்சை நடந்தால் தொடர் கவனிப்பு எளிதாகிறது என்பதைக் காட்டின.

கையெழுத்திடும் முன்

தனியார் இல்லங்களைத் தேர்ந்தெடுக்கும்போது மிகுந்த எச்சரிக்கை தேவை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த இல்லமொன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்ப இயலாமல் 28 பேர் இறந்தனர். இன்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எவரையும் எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. போதைப்பொருள் சார்ந்த மனநிலைக் கோளாறுகளும் அச்சட்டத்திற்கு உட்பட்டவை. எனவே அவர்களை உள்நோயாளியாக வைத்திருக்கும் இல்லம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். முதலில் கேட்க வேண்டியது அப்பதிவுச் சான்றையே.

நோயாளி தாமே விரும்பிச் சேர்வதே பொதுவான முறை. அவ்வாறு சேர்ந்தவர் வெளியேற விரும்பினால் விடுவிக்க வேண்டும். மதிப்பீட்டுக்காக அதிகபட்சம் 24 மணி நேரம் மட்டுமே நிறுத்திவைக்கலாம். சம்மதமின்றிச் சேர்ப்பதற்கு, தமக்கோ பிறர்க்கோ தீங்கு விளைவிக்கும் நிலை போன்ற கடுமையான காரணங்கள் இருக்க வேண்டும். மனநல மருத்துவர் ஒருவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்திருக்கவும் வேண்டும். அதற்கும் முதலில் 30 நாட்களே வரம்பு. மனநல மறுஆய்வு வாரியத்திற்குத் தகவல் தருவதும் கட்டாயம். நள்ளிரவில் வேனில் நான்கு பேர் வந்து தூக்கிச் செல்லும் 'சேவைக்கு' இச்சட்டத்தில் இடமில்லை. 18 வயதுக்கு உட்பட்டவரைப் பெரியவர்களிடமிருந்து பிரித்தே தங்கவைக்க வேண்டும். பெற்றோரோ பொறுப்பாளரோ உடன் தங்க வேண்டும்.

மருத்துவர் எத்தனை நாளுக்கொரு முறை வருகிறார், இரவில் செவிலியர் இருக்கிறாரா, வீட்டார் எப்போது நேரில் பார்க்கலாம் என்று கேளுங்கள். முதல் மாதம் முழுவதும் சந்திக்கவோ பேசவோ கூடாது என்று கூறும் இல்லத்தில் சேர்க்க வேண்டாம். "நூறு சதவீதம் குணம்" என்ற விளம்பரமும் நம்பத்தக்கதன்று.

வீடு திரும்பிய பின்

உயிருக்கு ஆபத்து மிகுந்த காலம் இதுவே. சில வாரங்கள் அபினி வகைப் பொருளை நிறுத்தியவரின் உடல் பழைய தாங்குதிறனை இழந்துவிடும். முன்பு எடுத்துக்கொண்ட அதே அளவை மீண்டும் ஒருமுறை எடுத்தாலும், குறிப்பாகத் தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்தால், மூச்சு நின்றுபோகலாம். எழுப்பியும் எழாமை, மூச்சு மெதுவாதல் அல்லது குறட்டை போன்ற ஒலி, உதடு நீலநிறமாதல் ஆகியவை கண்டால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். அதுவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தனியே விடாமல் இருக்க வேண்டும்.

வீடு திரும்பும் நாளை முடிவு செய்யும்போது நம் பகுதி மருத்துவர்கள் ஊரில் கொடை எப்போது என்று கேட்பதுண்டு, வேடிக்கைக்காக அன்று. கொடை விழா, நெல் அறுவடை முடிந்து கூலி கைக்கு வரும் நாட்கள், பழைய நண்பர்கள் கூடும் ஆற்றங்கரைப் படித்துறை ஆகியவை ஏக்கத்தைத் தூண்டும் சூழல்கள். முதல் சில மாதங்கள் பணத்தை வேறொருவர் பொறுப்பில் வைப்பது, அந்நாட்களில் உறவினர் வீட்டில் தங்குவது போன்ற எளிய ஏற்பாடுகள் பயன் தரும். முக்கூடல், மேலப்பாளையம் போன்ற ஊர்களில் பீடி சுற்றும் மனைவியின் அல்லது தாயின் வருமானத்திலேயே பல குடும்பங்கள் நிற்கின்றன. மறுபரிசோதனைக்கு அழைத்து வந்தால் அவர்களுக்கு ஒரு நாள் கூலி போய்விடும். அவ்வாறு வர இயலாதவர்கள் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டக் குழு வரும் நாளைக் கேட்டறிந்து வரலாம்.

மீண்டும் ஒருமுறை பயன்படுத்திவிட்டால் சிகிச்சை வீணாகிவிட்டதாகக் கருத வேண்டாம். அதை மறைக்காமல் சொல்லும் அளவுக்கு வீட்டில் அச்சமின்மை இருந்தால், அடுத்த நாளே மருத்துவரிடம் வர முடியும்.

காவல்துறை குறித்த அச்சம்

மருத்துவரிடம் சென்றால் வழக்கு வரும் என்று அஞ்சிப் பலர் தாமதிக்கின்றனர். சிகிச்சை விவரங்களை இரகசியமாக வைத்திருப்பது நோயாளியின் சட்டபூர்வ உரிமை. சிறிய அளவு போதைப்பொருள் தொடர்பாகவோ பயன்படுத்தியமைக்காகவோ குற்றஞ்சாட்டப்பட்டவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த நிறுவனத்தில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவின்படி வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையை முழுமையாக முடிக்காவிடில் அவ்விலக்கு திரும்பப் பெறப்படலாம்.

எங்கே அணுகுவது?

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநல மருத்துவப் பிரிவை நேரில் அணுகலாம். ஆற்றின் கீழ்ப்பகுதி ஊர்களில் வசிப்போர் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், தென்காசி மாவட்டத்தினர் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கும் செல்லலாம். தொலைபேசியில் ஆலோசனை பெற: போதை மீட்பு உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கு 14416, பொதுச் சுகாதாரத் தகவலுக்கு 104. நோயாளி வர மறுத்தாலும் குடும்பத்தினர் மட்டும் அழைத்துப் பேசலாம்.