போர்க்களப் பணிவிடை: மதீனாவின் கூடாரம் முதல் மேமியோ வரை

திருச்சுழியில் ஒரு ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, பருத்தி விவசாயி ஒருவர் என்னை ஓரமாக அழைத்துச் சென்றார். "ஹஜ்ரத், மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். நர்ஸ் படிப்புக்குத்தான் போவேன் என்கிறாள். அந்நிய ஆணின் புண்ணைத் தொட்டுக் கழுவும் வேலை நம் வீட்டுப் பிள்ளைக்குத் தகுமா?" என்று கேட்டார்.

அவர் கேட்டது ஒரு கேள்வி. அதனுள் இருந்தவை இரண்டு கவலைகள். மார்க்கம் இதற்கு இடம் தருமா என்பது ஒன்று. பிறர் புண்ணைக் கழுவுவது கௌரவமான தொழிலா என்பது மற்றொன்று. இரண்டுக்குமான விடைகள் போர்க்கள வரலாற்றில் இருக்கின்றன.

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு (கி.பி. 625) உஹதுப் போரில் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் திருமுகம் காயமுற்றது. அலீ (ரலி) கேடயத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற, அன்னை ஃபாத்திமா (ரலி) இரத்தத்தைக் கழுவினார்கள். தண்ணீர் பட்டும் இரத்தம் நிற்காததைக் கண்டு, பாய்த் துண்டொன்றை எரித்து அந்தச் சாம்பலைக் காயத்தில் வைத்து அழுத்தினார்கள், இரத்தம் நின்றது.

இது மகள் தந்தைக்குச் செய்த பணிவிடை எனலாம். ஆனால் உம்மு அத்திய்யா (ரலி) ஏழு போர்களில் உடன்சென்று, வீரர்களுக்கு உணவு சமைத்து, காயமுற்றோருக்கு மருந்திட்டு, நோயாளிகளைக் கவனித்துக்கொண்டதாக அவர்களே அறிவித்துள்ளார்கள். ருபைய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்களின் அறிவிப்பும் இத்தகையதே. வீரர்களுக்குத் தண்ணீர் புகட்டியதையும், காயமுற்றோரையும் கொல்லப்பட்டோரையும் மதீனாவுக்குக் கொண்டுவந்து சேர்த்ததையும் அவர்கள் கூறுகிறார்கள். இமாம் புகாரி (ரஹ்) தம் நூலின் மருத்துவப் பகுதியில், ஆண் பெண்ணுக்கும் பெண் ஆணுக்கும் மருத்துவம் செய்யலாமா என்று தலைப்பையே கேள்வியாக அமைத்து, அதன்கீழ் இந்த அறிவிப்பையே வைத்தார்கள். திருச்சுழித் தந்தையின் கேள்வி, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கேட்கப்பட்டு விடையும் பெற்ற கேள்வி. பார்வையும் தொடுதலும் தேவையின் அளவோடு நிற்க வேண்டும் என மார்க்க அறிஞர்கள் வரம்பிட்டார்கள், வாசலை அடைக்கவில்லை.

இரண்டாவது கவலைக்கு அகழ்ப்போர் விடையளிக்கிறது. ஹிஜ்ரி 5இல் (கி.பி. 627) ஔஸ் குலத் தலைவர் ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களின் கை நரம்பில் அம்பு தைத்தது. அஸ்லம் குலத்து ருஃபைதா (ரலி) காயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்த கூடாரத்தில் அவர் வைக்கப்பட்டதாக ஸீரா நூல்கள் கூறுகின்றன. அக்கூடாரம் இருந்த இடம் மஸ்ஜிதுன் நபவீ. அருகிலிருந்து நலம் விசாரிப்பதற்காகவே அண்ணலார் அவ்வாறு ஏற்பாடு செய்தார்கள். ஸஅத் (ரலி) அக்காயத்திலேயே பின்னர் ஷஹீதானார். எனினும், தொழுகையின் இடத்திலேயே புண்ணுக்கு மருந்திடும் இடமும் அமைந்ததைவிட இத்தொழிலுக்கு வேறென்ன கௌரவம் வேண்டும்?

நம் பாண்டிய நாட்டின் பழைய இலக்கியமும் இதற்கு அந்நியமானதன்று. நக்கீரரின் நெடுநல்வாடை, வாடைக்காற்று வீசும் நள்ளிரவில் துயிலாமல், சிலருடன் பாசறையில் நடந்து, புண்பட்ட வீரர்களைக் கண்டு ஆறுதல் அளிக்கும் அரசனைக் காட்டுகிறது. அவன் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் என்பது உரை மரபு. புண்பட்டவன் கிடக்கும் இல்லத்தில் வேப்பிலை செருகி, வெண்கடுகு தூவி, நறும்புகை எழுப்பி, யாழிசைத்துக் காக்கும் காட்சியை அரிசில் கிழார் புறநானூற்றில் பாடியுள்ளார். பதிற்றுப்பத்து, வெள்ளூசியால் தைக்கப்பட்ட மார்புப் புண்ணைப் பேசுகிறது.

அண்மைக் கால வரலாற்றில், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற இருவரை இவ்வகையில் நினைவுகூரலாம். ஒருவர் டாக்டர் முக்தார் அஹ்மத் அன்சாரி (1880–1936). 1912இல் பால்கன் போர் மூண்டபோது, இந்திய முஸ்லிம்கள் திரட்டிய நன்கொடையைக் கொண்டு மருத்துவக் குழுவொன்றை அமைத்து, அவ்வாண்டு டிசம்பரில் துருக்கிக்குப் புறப்பட்டார். மருத்துவர்களோடு, படிப்பை இடையில் நிறுத்திவிட்டு வந்த இளைஞர்களும் அதில் இருந்தனர். கட்டவிழ்ப்பதும் கட்டுவதும் தங்களுக்கு இழுக்கென்று அந்தப் படித்த இளைஞர்கள் எண்ணவில்லை. அதே அன்சாரிதான் 1927இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார்.

மற்றவர் டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் (1914–2012). 1943இல் இந்திய தேசிய ராணுவத்தில் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமையேற்றார். மலாயாத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்ப் பெண்கள் அப்படையில் பெருமளவில் சேர்ந்தனர். படையின் செவிலியர் பிரிவுக்கு, 1595இல் முகலாயரை எதிர்த்து அகமதுநகரைக் காத்த சாந்த் பீபியின் பெயர் சூட்டப்பட்டது. 1944இல் இம்பால் களத்திலிருந்து திரும்பியோர் காயத்தோடு மலேரியாவையும் வயிற்றுக்கடுப்பையும் சுமந்து வந்தபோது, பர்மாவின் மேமியோ மருத்துவமனையில் அப்பெண்கள் பணிவிடை செய்தனர். படைக்களத்தில் போரிடும் வாய்ப்பு அப்படைக்குக் கிட்டவில்லை. செவிலியருக்கோ ஓய்வே கிட்டவில்லை.

இவற்றைச் சுருக்கமாக அந்த விவசாயியிடம் சொன்னேன். பிறகு ஒன்று கேட்டேன்: "உங்கள் வீட்டுப் பெண் பிரசவத்துக்குப் போகும்போது யாரைத் தேடுவீர்கள்?" பெண் செவிலியைத்தான் என்றார். நம் பெண்களின் பேறுகாலத்தில் அருகில் நிற்க ஒரு பெண் வேண்டும் என்கிறோம். அவள் வேறு யார் வீட்டிலிருந்தோ வரட்டும் என்றும் இருக்கிறோம். இது நீதியாகாது. பேணுதலோடு பயிலவும் பணிபுரியவும் வழிசெய்து கொடுப்பது பெற்றோர் கடமை. ருஃபைதா (ரலி) அவர்களின் வழியில் நம் மகளிருக்கும் பங்குண்டு.

வல்லாஹு அஃலம்.