மானுக்கு முன்னே போன மேய்ச்சல் நிலம்

அம்பத்தூரிலிருந்தோ ஆவடியிலிருந்தோ ஒருவர் வெளிமான் வேட்டைக்குத் திட்டமிட்டால், அது இன்று சிறைக்குப் போகும் திட்டம்தான். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வெளிமானை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. குற்றம் உறுதியானால் மூன்று ஆண்டுக்குக் குறையாத தண்டனை, ஏழு ஆண்டு வரையும் போகலாம். இதிலிருந்து ஒரு கதை பொதுப்புத்தியில் படிந்துவிட்டது: வெள்ளைக்காரனும் ஜமீன்தாரும் சுட்டுத் தீர்த்தார்கள், பிறகு சட்டம் வந்து மிச்சத்தைக் காப்பாற்றியது. இது பாதி உண்மை. சென்னைக்கு மேற்கே விரியும் சமவெளியைப் பொறுத்தவரை, மான் வேட்டையை முடித்துவைத்தது சட்டம் அல்ல, மண். வேட்டை நடப்பதற்கான பொது நிலம் சட்டம் வருவதற்கு முன்பே கைமாறிவிட்டது.

அந்தக் கால வேட்டை எப்படி நடந்தது என்று பார்த்தால் இது விளங்கும். பூந்தமல்லி அப்போது ராணுவ ஊர். கப்பலில் வந்திறங்கிய பிரிட்டிஷ் சிப்பாய்கள் தங்கும் கிடங்கு அங்கே இருந்தது. சென்னையைச் சுற்றிப் பணியில் இருந்த அதிகாரிகளுக்கு ஈரவயலில் உள்ளான், ஏரியில் வாத்து, மேட்டுப் புல்லில் மான் என்று பருவத்துக்கொரு வேட்டை. மானுக்குப் புலி வேட்டை போல யானையும் பரண்களும் தேவையில்லை. விடுப்பு, துப்பாக்கி, ஒரு மாட்டு வண்டி போதும். வெளிமான் திறந்த வெளியில் மேய்வது. தூரத்தில் தனி ஆள் வந்தாலே தலையைத் தூக்கிப் பார்க்கும், அடுத்த நொடி மந்தையே பறக்கும். ஆனால் உழவனையும் வண்டியையும் தினம் பார்த்துப் பழகியதால் அவற்றுக்கு அது மிரளாது. அதனால் வண்டிக்கு மறுபுறம், சக்கரத்தை ஒட்டியபடி துப்பாக்கிக்காரர் நடப்பார். வண்டி மந்தையை நோக்கி நேராகப் போகாது. வேறெங்கோ போவது போலச் சுற்றி வளைத்து, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் நெருங்கும். ஓட்டுபவர் எக்காரணத்துக்கும் மாட்டை நிறுத்தக் கூடாது. சுடுபவர் மட்டும் நின்றுவிட, வண்டி கடகடவென்று போய்க்கொண்டே இருக்கும். நுட்பமெல்லாம் அந்த வண்டிக்காரர் கையில்தான். துரைகள் எழுதிய வேட்டை நூல்களில் அவருக்குப் பெரும்பாலும் பெயர் இருக்காது. துணையின்றித் தானே போய்ச் சுட்டதாகப் பெருமைப்படும் பக்கங்களிலும், வரிகளுக்கு நடுவே தடம் காட்டும் ஒரு ஷிகாரியோ வண்டிக்காரரோ நடந்துகொண்டுதான் இருப்பார்.

சட்டம் அன்று என்ன செய்தது? விலங்கைவிட நிலத்தையும் ஆளையும்தான் பார்த்தது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் கேட்டது. ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காப்புக் காடுகளில் வேட்டையை விதிகளுக்குள் கொண்டுவந்தது. 1912இல் வந்த காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் மான் இனங்களையும் பட்டியலில் சேர்த்து, சுடக் கூடாத பருவத்தை மாகாண அரசே அறிவிக்கலாம் என்றது. பயிரைக் காக்கச் சுட்டால் குற்றமில்லை என்றும் சொன்னது. காடே இல்லாத சமவெளியில், மேய்க்கால் புறம்போக்கிலும் ஏரி உள்வாயிலும் மேயும் மானுக்கு இந்த வேலிகள் ஓட்டை நிறைந்தவை. சிப்பாய்களின் வேட்டைக்குத் தனி அனுமதிச் சீட்டு முறையும் கடுமையான விதிகளும் வந்தன என்றால், அது மானுக்காக வந்த கருணை அல்ல. வேட்டைக்குப் போன சிப்பாய்களுக்கும் கிராமத்தாருக்கும் அடிக்கடி கைகலப்பு நேர்ந்து, சில இடங்களில் உயிர்களும் போனதால் வந்தவை அவை. மயிலைச் சுடாதே, கோயிலருகே சுடாதே என்ற விதிகளைப் படித்தாலே யாருடைய கோபத்துக்கு அரசு அஞ்சியது என்பது தெரியும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். துப்பாக்கி கொல்லவில்லையா? கொன்றது. அதிலும் சுதந்திரத்துக்குப் பிந்தைய இருபதாண்டுகளில், பயிர்ப் பாதுகாப்பின் பேரில் கொடுத்த துப்பாக்கிகளும், ஜீப்பில் ஏறி இரவில் விளக்கடித்துச் சுடும் பழக்கமும் இந்தியா முழுவதும் வெளிமான்களை வாரிக்கொண்டு போயின. துரைமார் காலத்து மாட்டு வண்டி வேட்டை அதற்கு ஈடாகாது. ஆனால் துப்பாக்கி மட்டுமே காரணம் என்றால், அது ஓய்ந்த இடங்களில் மான் பெருகிப் பரவியிருக்க வேண்டுமே. கிண்டியைப் பாருங்கள். ஆளுநர் மாளிகையைச் சுற்றிய காடு என்பதால் பிழைத்தது, 1910இல் காப்புக் காடானது, 1978இல் 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பில் தேசியப் பூங்காவானது. துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்து பல தலைமுறை ஆகியும் அங்கே வெளிமான் காடு முழுக்கப் பரவிவிடவில்லை. புதர் மண்டிய பகுதிகளைப் புள்ளிமானுக்கு விட்டுவிட்டு, போலோ மைதானம் போன்ற திறந்த புல்தரைகளையே அது நம்பியிருக்கிறது. அந்தக் காட்டிலிருந்து பிரித்துக் கொடுத்த நிலத்தில் 1959இல் எழுந்த ஐ.ஐ.டி. வளாகத்திலும் இதே கதைதான். குண்டிலிருந்து தப்பிய மானுக்கும் புல் வேண்டும்.

அந்தப் புல்தான் மேற்கே முதலில் போனது. வருவாய்த் துறைக் கணக்கில் வரி கட்டாத நிலம் வீண் நிலம். ஆடு மாடும் மானும் மேய்வதையும், விறகு பொறுக்குவதையும், வலை விரிப்பதையும் அந்தக் கணக்கு ஒரு பயனாகவே எண்ணவில்லை. அதனால் அரசுக்கு நிலம் தேவைப்பட்டபோதெல்லாம் கை முதலில் நீண்டது அங்கேதான். இரண்டாம் உலகப் போர் ஆவடியை ராணுவத் தளமாக்கியது. 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூருக்கு வந்தது. 1955இல் ஆவடி காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. சில ஆண்டுகளில் அதே ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்து, 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் வந்தது. இவற்றில் எதையும் குற்றமாகச் சொல்லவில்லை; பல்லாயிரம் குடும்பங்கள் அந்தச் சம்பளத்தில்தான் தலையெடுத்தன. வரிசையை மட்டும் கவனிக்க வேண்டும்: வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தபோது, டாங்கி வந்து ஏழாண்டு ஆகியிருந்தது. அந்தச் சட்டமும் தொடக்கத்தில் சில விலங்குகளுக்கு வேட்டை உரிமம் தர இடம் வைத்திருந்தது; அதை 1991 திருத்தம்தான் எடுத்தது.

அமெரிக்காவைக் காட்டி வாதிடுவோரும் உண்டு. வயோமிங் போன்ற மாநிலங்களில் சாதாரணச் சம்பளக்காரர் குலுக்கலில் அனுமதி பெற்று, வழிகாட்டி இல்லாமல், அரசு நிலத்தில் தானே போய் அந்த நாட்டு 'ஆன்டிலோப்பை' வேட்டையாடுகிறார். விலங்கியல்படி அது வேறு குடும்பம் என்பது இருக்கட்டும். துப்பாக்கி, தோட்டா மீதான வரி 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி காட்டுயிர்ப் பாதுகாப்புக்கே போகிறது. நம் வெளிமானே 1932இல் டெக்சாஸுக்குப் போய் அங்கே பல்கிப் பெருகியிருக்கிறது. வேட்டைதான் காப்பாற்றும், தடை காப்பாற்றாது என்கிறார்கள். ஆனால் அந்த ஏற்பாடு நிற்பது துப்பாக்கியின் மேல் அல்ல. அங்கே நில மேலாண்மைத் துறை என்ற ஒரே துறையின் கையில் 24 கோடி ஏக்கருக்கு மேல் நிலம் இருக்கிறது. டெக்சாஸில் மான் வளர்வதோ தனியார் பண்ணை வேலிக்குள், காசு கொடுப்பவருக்காக. முன்னதற்கு வேண்டிய நிலம் நம்மிடம் இல்லை. பின்னது பழைய ஜமீன் வேட்டைக் காடேதான், கட்டணச் சீட்டு மட்டும் புதிது.

இந்தச் சமவெளியில் பொது நிலத்தைப் பொது நிலமாகவே கடைசி வரை பயன்படுத்தியவர்கள் இருளரும் நரிக்குறவரும். ஒருவர் எலியும் பாம்பும் பிடித்தார். மற்றவர் கண்ணியும் நாட்டுத் துப்பாக்கியுமாகப் பறவையும் நரியும் தேடினார். நிலம் போனதாலும் சட்டம் வந்ததாலும் இரண்டு முறை அடி வாங்கியவர்கள் இவர்கள். சட்டத்தை எதிர்க்க இது காரணமாகாது, ஆனால் அதன் செலவை யார் கட்டினார்கள் என்று கேட்கக் காரணமாகும். இருளர் விஷயத்தில் ஒரு வழி பிறந்தது: 1978இல் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் பாம்பின் விஷத்தை எடுத்துவிட்டுப் பாம்பைத் திரும்பக் காட்டில் விடுகிறது, பழைய திறமைக்குச் சட்டத்துக்குள்ளேயே ஒரு வேலை கிடைத்தது. நரிக்குறவரின் தடம் பார்க்கும் கண்ணுக்கு அப்படி எதுவும் அமையவில்லை. பாசிமணியும் ஊசியும்தான் மிஞ்சின. 2022 ஏப்ரலில் முதலமைச்சர் ஆவடியில் அவர்கள் குடியிருப்புக்கே போனார். பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்க்கும் சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன், 2021 நவம்பரில், மாமல்லபுரம் அருகே பூஞ்சேரியில் இரு சமூகத்தாருக்கும் வீட்டுமனைப் பட்டா வழங்கினார்கள். சென்ட் கணக்கில் அளந்து, ஆளுக்கொரு தாள்.