தண்டவாளம் போன தடம்

தெஹிவளையிலே கடலோரமாகக் குடியிருப்பவர்களுக்கு நேரம் அறியக் கடிகாரம் வேண்டியதில்லை. அலைக்கும் வீட்டு மதிலுக்கும் இடையே ஓடும் புகையிரதமே போதும். வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளைக்கு நடந்து வருவோர் சிலர், வீதி இருக்கவும், தண்டவாளத்தின் ஓரமாகவே வருவர். தகாத வழக்கந்தான், ஆபத்தும் உண்டு. ஆயினும் அவர்களை அந்தப் பக்கம் இழுப்பது எதுவென்று எனக்கு விளங்காமலில்லை. இருப்புப் பாதை மேடு பள்ளம் அறியாதது, நேரே போவது, வளைந்தாலும் மெல்ல வளைவது.

அந்தப் பாதையிலிருந்து தண்டவாளத்தை மட்டும் எடுத்துவிட்டால் எஞ்சுவது என்ன? அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

பொறியியலாளர் ஒருவர் மலையில் வீதி அமைப்பதும் இருப்புப் பாதை அமைப்பதும் ஒன்றல்ல. மாட்டுவண்டி மூச்சுப் பிடித்து ஏறிவிடும். இரும்பின்மேல் உருளும் இரும்புச் சக்கரமோ செங்குத்தில் வழுக்கும். ஆகையால் நமது மலைநாட்டுப் பெரும் பாதையில், நாற்பத்து நான்கு அடி முன்சென்றால் ஓரடி உயரலாம் என்பதே எல்லை. அந்த அளவுக்காகவே குன்றுகளைக் குடைந்தார்கள், பள்ளங்களை நிரப்பினார்கள். இயந்திரத்துக்காகச் செய்த இந்தச் சலுகை, பிற்காலத்தில் துவிச்சக்கர வண்டிக்காரனுக்கும் அவனோடு ஓடும் நாய்க்கும் கிடைத்த சீதனமாயிற்று. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலே, எல்றோய் என்ற ஊருக்கும் ஸ்பாட்டா என்ற ஊருக்கும் இடையே கைவிடப்பட்ட பாதையை 1960களில் மிதிவண்டிப் பாதையாக்கினார்கள். நியூசிலாந்தின் ஒற்றாகோவில் 1990 இல் மூடப்பட்ட பாதை, 2000 ஆம் ஆண்டில் நூற்றைம்பது கிலோமீற்றர் நீளமான உல்லாசப் பாதையாகத் திறக்கப்பட்டது. அங்கெல்லாம் இது ஓய்வுநாள் விளையாட்டு. நம் நாட்டில் இதன் கதை வேறு.

களனிப் பள்ளத்தாக்குப் பாதையை முதலில் சொல்லலாம். இரண்டரை அடி அகலமே உடைய சிறுபாதை அது. நூற்றாண்டின் தொடக்கத்தில் அவிசாவளைக்கும் எட்டியாந்தோட்டைக்கும் போயிற்று. 1912 இல் இரத்தினபுரியை எட்டியது. 1919 இல் ஒபநாயக்கவில் முடிந்தது. எட்டியாந்தோட்டைக் கிளையை இரண்டாம் உலகப் போர் விழுங்கிற்று. அவிசாவளைக்கு அப்பாற்பட்ட இரத்தினபுரிக் கிளை 1970களில் நின்றது. இன்று அகலப் பாதையாக எஞ்சியிருப்பது அவிசாவளை வரைதான். அதற்கு அப்பால் வீட்டு முற்றங்களும் வாழைத் தோட்டங்களும் தடத்தைப் பங்குபோட்டுக்கொண்டன.

நான் நேரிற் கண்டு சொல்லக்கூடியது நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்குச் சென்ற பாதை. ஏறத்தாழப் பத்தொன்பது மைல். உடப்புசல்லாவைத் தோட்டங்களின் தேயிலையை இறக்குவதற்கென 1903, 1904 ஆம் ஆண்டுகளில் திறக்கப்பட்டது. லொறிகள் வந்து அதன் வருவாயைப் பறித்தன. 1940களில் அது மறைந்தது. நாற்பதாண்டு வாழ்வு ஒரு புகையிரதப் பாதைக்கு அற்பாயுள் என்றே சொல்லவேண்டும்.

கந்தப்பளையில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் இரண்டு நாய்கள். ஒரு விடியற்காலை அவருடைய பழைய சைக்கிளில் நான் ஏறிக்கொள்ள, நாய்கள் இரண்டும் முன்னும் பின்னுமாக ஓடிவர, தேயிலைச் செடிகளினூடே பழைய தடத்தின் ஒரு பகுதியிற் சென்றோம். சில இடங்களில் அது தோட்டத்து வழி. சில இடங்களில் ஒற்றையடிப் பாதை. சில இடங்களில் ஒன்றுமேயில்லை. ஆயினும் வழி தவறவில்லை. எங்கே மிதிப்பதற்கு எளிதாயிருந்ததோ அங்கே பாதை இருந்தது. எங்கே மூச்சு வாங்கிற்றோ அங்கே நாங்கள் அதைவிட்டு விலகியிருந்தோம். வரைபடத்தைவிட முழங்கால் நன்றாக வழிகாட்டியது!

நாய்க்கு வேர்வை நம்மைப்போல் உடலெங்கும் சுரப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தே சூட்டைத் தணிக்கிறது. ஆதலால் வண்டிக்காரன் தன் வேகத்துக்கன்றி நாயின் மூச்சுக்கே மிதிக்கவேண்டும். வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவதும் நல்லது. இருட்டும்வரை நிற்கலாகாது என்று நண்பர் சொன்னதற்குக் காரணம் வேறு: அந்தத் தோட்டங்களிற் சிறுத்தை உண்டு, சிறுத்தைக்கு நாய் என்றால் விருப்பம்.

நுவரெலியாவில் நாயின் வரலாறும் சற்றுப் பழையது. 1840களில் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் வேட்டைநாய்க் கூட்டமொன்றைக் கப்பலேற்றிக் கொணர்ந்து, இந்தக் காடுகளில் மரை வேட்டையாடினார். அவருடைய நாய்கள் சிலவற்றின் பெயரை அவர் எழுதிய நூலிற் காணலாம். அவருக்குப் பின் இதே மலைகளில் காடு வெட்டியவர்கள், கொழுந்து பறித்தவர்கள், மண் சுமந்தவர்கள் ஆகிய தமிழ்த் தொழிலாளரின் பெயரை எந்த நூலிற் காண்பது? நான் மிதித்த அந்த மண்மேட்டைக் கூடை கூடையாகக் கொட்டியவர் யார் என்பதை நண்பரின் முதிய தாயாரும் அறியார். “அந்தக் காலத்து ஆட்கள், தம்பி” என்றதோடு அவர் நிறுத்திக்கொண்டார்.

இனி வடக்குக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் 1902 இலேயே வந்துவிட்டது. 1905 இல் காங்கேசன்துறைக்கும் கொழும்புக்கும் தொடர்ச்சியான பாதை அமைந்தது. 1956 முதல் யாழ்தேவி ஓடிற்று. 1990 ஆம் ஆண்டு யூனில் யாவும் நின்றன. பின்னர் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் காவலரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்கும் போயின. கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம் என்று அடுக்கடுக்காக நின்ற நிலையங்கள் கூரையிழந்தன.

ஆனால் தடம் இருந்தது. கல்லும் புல்லும் கலந்த அந்த மேட்டிலே கால்நடையாகவும் சைக்கிளிலும் சனங்கள் போய்வந்தனர். எரிபொருள் கிடைத்தற்கரியதாகி, மோட்டார் வண்டிகள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடிய காலம் அது. விறகும் நெல்லும் நோயாளியும் மணமகளும் சைக்கிளிலேயே சென்றனர். லுமாலா வண்டி ஒன்று வீட்டில் இருப்பது, முன்னொரு காலத்தில் ஏர் இருந்ததற்கு ஒப்பாயிற்று. மின்சாரம் இல்லை; வானொலிக்குரிய மின்கலங்களை வடக்கே கொண்டுவரவும் தடை. ஆகவே சைக்கிளை நிறுத்தித் தாங்கியில் ஏற்றி, ஒருவர் மிதிக்க, டைனமோவிலிருந்து பிறந்த மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். நேயர்களே, ஒலிவாங்கியின் முன் பேசுகிறவன் இதை மறப்பது எளிதன்று. மிதிப்பவர் களைத்தால் செய்தி தாழ்ந்து மறையும். அவர் மீண்டும் மிதித்தால் வாக்கியத்தின் நடுப்பகுதி வந்து சேரும்.

1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோதும் அவர்களுடைய பெரும் ஊர்தி சைக்கிளே. அதில் ஏறியவை உடுப்பு மூட்டை, அரிசிப் பை, கைக்குழந்தை. ஏறாதது நாய். பின்னாலே ஓடிவந்து, சனநெரிசலில் எசமானை இழந்து திரும்பியவை பல. படலையைவிட்டு நகராமலே இருந்துவிட்டவையும் பல. தருமபுத்திரர் தம்மோடு வந்த நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கம் புகமாட்டேன் என்றார் என்று சிறுவயதிற் படித்திருக்கிறோம். கையிற் பிள்ளையும் பின்னால் எறிகணையும் அவருக்கு இருக்கவில்லை. அன்று நாயை விட்டு வந்த ஒருவர் இன்று தெஹிவளையில் என் அயலவர். அவர் வீட்டில் அதன்பின் நாய் வளர்க்கவில்லை. காரணம் கேட்ட பிள்ளைகளுக்கு, “இடம் போதாது” என்பார்.

போர் முடிந்தபின் இந்திய நிறுவனமான இர்க்கொன் பாதையை மீள அமைத்தது. 2013 இல் கிளிநொச்சிக்கும், 2014 மார்ச்சில் பளைக்கும், அவ்வாண்டு ஒக்டோபர் 13 இல் யாழ்ப்பாணத்துக்கும், 2015 சனவரியிற் காங்கேசன்துறைக்கும் வண்டி சென்றது. புதிய சல்லிக்கல்லின்மேல் சைக்கிள் ஓட இயலாது. இருபத்து நான்கு ஆண்டுகள் மிதித்துப் பழகிய தடத்தை மக்கள் புகையிரதத்துக்கு விட்டுக்கொடுத்து, பக்கத்து ஒழுங்கைகளுக்குத் திரும்பினர்.

முதல் வண்டிகள் வந்த நாட்களில் கோண்டாவிலில் நின்றிருந்த உறவினர் ஒருவர் எனக்கு ஒரு காட்சியைச் சொன்னார். கடவையில் மணி ஒலித்தது, படலை இறங்கிற்று, சைக்கிள்காரர்கள் ஒரு காலை நிலத்தில் ஊன்றி வரிசையாக நின்றனர். 1990 இற்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு அது என்னவென்று விளங்கவில்லை. கடவையின் நடுவிற் படுத்திருந்த நாய்க்கும் விளங்கவில்லை. வண்டி கண்ணுக்குத் தெரிந்த பின்னரும் அது எழாதிருக்கவே, கிழவர் ஒருவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் குனிந்து உள்ளே சென்று, அதைக் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாராம்.