தாம்பரம் வட்டாரத்துக் குடியிருப்போர் நலச் சங்கங்கள்

சென்னை மாநகரின் தென்புறத்தே, பரங்கிமலையைத் தாண்டியதும் தொடங்கிப் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர் என்று பெருஞ்சாலையையும் இருப்புப்பாதையையும் ஒட்டி நீண்டு, கிழக்கே சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் வரையிலும் மேற்கே பம்மல், அனகாபுத்தூர், முடிச்சூர் வரையிலும் பரந்திருக்கும் பிரதேசத்தில், வீடு கட்டிக் குடியேறியவர்கள் தங்கள் பொதுச் சௌகரியங்களைத் தாங்களே கவனித்துக்கொள்ளவும், தங்களால் இயலாதவற்றை ஸ்தல ஸ்தாபனங்களிடம் கேட்டுப் பெறவும் அமைத்துக்கொண்ட சங்கங்கள் குடியிருப்போர் நலச் சங்கங்கள் எனப்படும். ஒவ்வொரு சங்கமும் பெரும்பாலும் ஒரு 'நகரு'க்கு உரியது. நகர் என்றால் மாடமாளிகைகள் நிறைந்த பட்டணம் என்று பழைய இலக்கியம் படித்தவர் எண்ணக்கூடும். இவ்வட்டாரத்திலோ நாலைந்து தெருக்களாகப் பிரித்து விற்கப்பட்ட ஒரு மனைப்பிரிவுக்கே அப்பெயர் வழங்குகிறது.

இச்சங்கங்கள் தோன்றிய காரணத்தை அறிய வேண்டுமாயின் இப்பிரதேசம் ஊரான வரிசையை நோக்க வேண்டும். இங்கே பெரும்பாலும் வீடு முதலில் வந்தது. வீதியும் விளக்கும் கால்வாயும் பல வருஷங்கள் கழித்தே வந்தன. 1931-ஆம் வருஷம் மே மாதம் 11-ஆம் தேதி, சென்னைக் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஏறக்குறைய 29 கிலோமீட்டர் தூரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியபின், கோட்டையிலும் பாரிமுனையிலும் உத்தியோகம் பார்ப்பவர் ஒருவர் காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பும் தூரத்துக்குள் தாம்பரம் வந்துவிட்டது. குரோம் முறையில் தோல் பதனிட்ட தொழிற்சாலையால் பெயர் பெற்ற குரோம்பேட்டையும், 1937-இல் ஜார்ஜ் டவுனை விட்டுச் சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியும், 1949-இல் சி. ராஜம் நிறுவிய சென்னைத் தொழில்நுட்ப நிறுவனமும் ஜனங்களை இப்பக்கம் இழுத்தன. ஆசிரியரும், ரயில்வே ஊழியரும், குமாஸ்தாக்களும் ஒரு கிரவுண்டோ அரைக் கிரவுண்டோ தவணை கட்டி வாங்கினார்கள். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அவர்கள் வாங்கிய மனைகளில் கணிசமானவை, சில வருஷங்களுக்கு முன்புவரை ஏரிப் பாய்ச்சலில் நெல் விளைந்த வயல்களாக இருந்தவை என்பதை இங்கே குறித்துக்கொள்ளுதல் நலம். சங்கங்களின் பிற்காலக் கவலைகளில் பாதி அதிலிருந்தே பிறந்தது.

சங்கங்கள் தலையெடுப்பதற்கு முன்னரே பொதுச் சேவை என்பது இவ்வட்டாரத்துக்குப் புதியதன்று. க்ஷயரோகத்துக்குக் காற்றும் வெயிலும் ஓய்வுமே பிரதான மருந்தாக இருந்த காலத்தில், டாக்டர் டேவிட் சௌரிமுத்து என்பவர் 1928-இல் பச்சைமலை அடிவாரத்தில் பன்னிரண்டு படுக்கைகளோடு ஓர் ஆரோக்கிய நிலையத்தைத் தொடங்கினார். 1937-இல் அது அரசாங்கத்தின் வசமாயிற்று. இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை என்று வழங்கும் அதன் பழம்பெயரே தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையத்துக்கும் நிலைத்துவிட்டது. கிறிஸ்தவக் கல்லூரி மாணவர்கள் தங்கள் கிராம சேவைச் சங்கத்தின் மூலமாகச் சுற்றுப்புறக் கிராமங்களுக்குச் சென்று தொண்டாற்றினர். ஆயினும் இவை, வசதி உடையோர் அஃதில்லாதோர்க்குச் செய்த உபகாரங்கள். அண்டை வீட்டாரும் எதிர்வீட்டாரும் தமக்குத் தாமே உதவிக்கொள்ளும் ஏற்பாடு பிறகு வந்ததாகும்.

ஒரு சங்கம் பிறக்கும் விதம் எளியது. மழைக்காலத்தில் முழங்கால் அளவு சேறு, தெருவிளக்கு இல்லை, பாம்பு கண்ணில் படுகிறது, பஞ்சாயத்து அலுவலகத்துக்குத் தனித்தனியே நடந்து சலித்த நாலு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் யாரேனும் ஒருவர் வீட்டுத் திண்ணையில் கூடுகிறார்கள். தலைவர், காரியதரிசி, பொருளாளர் என்று மூவர் பொறுப்பேற்க, கையெழுத்திட்ட மனு ஒன்று தயாராகிறது. 1975-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்தாலே ஒரு சங்கத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். அதற்குத் துணை விதிகள் வேண்டும். வருஷந்தோறும் பொதுக்குழு கூட வேண்டும். தணிக்கை செய்த கணக்கையும் நிர்வாகிகளின் பட்டியலையும் பதிவாளரிடம் சமர்ப்பிக்க வேண்டும். இதில் தவறிப் பதிவு காலாவதியான சங்கங்கள் பல. பெயர்ப்பலகையும் ரப்பர் முத்திரையும் மட்டும் ஒரு குறைவுமின்றி விளங்கும். அடுக்குமாடி வீட்டுரிமையாளர் சங்கங்கள் வேறு சட்டத்துக்கு உட்பட்டவை. லிப்டு, மோட்டார், காவலாளி சம்பளம் என்று தம் மதில்களுக்கு உட்பட்ட காரியங்களிலேயே அவை பெரும்பாலும் நின்றுவிடுவதால் இக்கட்டுரையில் விரிவாகக் கூறப்படவில்லை.

சங்கத்தின் அன்றாடக் காரியங்களில் மனு எழுதுதலே முதலிடம் பெறும். சாலை, தெருவிளக்கு, கொசு மருந்து, தெருநாய், குப்பைத் தொட்டி ஆகியவை பற்றிய விண்ணப்பங்கள் எழுதாத காரியதரிசி இல்லை. இவற்றுள் நுட்பமான கோரிக்கை ஒன்று உண்டு: பழைய தார் மேல்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிய சாலை போட வேண்டும் என்பது. மேலே மேலே தார் போட்டுக்கொண்டு போனால் சாலை உயர்ந்துகொண்டே போகும். முப்பது வருஷத்துக்கு முன் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்குள் இப்போது இரண்டு படி இறங்கிப் போக வேண்டியிருக்கும். மழைநீர் தெருவை விட்டு வாசலுக்கு வரும். பொறியியல் படிக்காத ஓய்வூதியக்காரர்கள் அளவுகோலை எடுத்துக்கொண்டு ஒப்பந்தக்காரரோடு நடுத்தெருவில் வாதாடுவதைக் கண்டவர்கள், ஜனநாயகத்தைப் பற்றிப் புஸ்தகங்களில் படித்ததைவிடச் சற்று அதிகமாகவே தெரிந்துகொண்டிருப்பார்கள்.

பொது இடத்தைக் காத்தல் மற்றொன்று. பெரிய மனைப்பிரிவுகளில், சாலை நீங்கலான நிலத்தில் பத்தில் ஒரு பங்கு பொதுத் திறவிடமாக ஒதுக்கப்பட்டு, தானப் பத்திரத்தின் மூலம் ஸ்தல ஸ்தாபனத்துக்கு ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது விதி. பூங்காவென்று வரைபடத்தில் பச்சை பூசப்பட்ட இடம், நேரில் போய்ப் பார்த்தால் முள்வேலி போட்ட காலி மனையாகவோ யாரோ ஒருவருடைய மாட்டுக் கொட்டகையாகவோ இருப்பதுண்டு. வரைபடத்தின் நகலை வாங்கி வைத்திருந்த சங்கங்களே இவற்றை மீட்டன. அவ்வாறு மீட்ட இடங்களில் நடைபாதையும், சறுக்குமரமும், சில இடங்களில் இறகுப்பந்து மைதானமும் அமைந்துள்ளன.

பணம் சேர்க்கும் விஷயத்தில் சங்கங்கள் செய்த பெருங்காரியத்துக்கு, இவ்வட்டாரத்தின் வட எல்லையை அடுத்த ஆலந்தூரே தலைசிறந்த உதாரணம். இன்று சென்னை மாநகராட்சியைச் சேர்ந்ததாயினும், 2011 வரை ஆலந்தூர் தனி நகராட்சியாக இருந்தது. அங்கே பாதாளச் சாக்கடை இல்லை; வீட்டுக்கு வீடு கழிவுநீர்த் தொட்டியே கதி. 1990-களின் பிற்பகுதியில் ஏறக்குறைய 34 கோடி ரூபாய்ச் செலவில் ஒரு திட்டம் வகுத்த நகராட்சி, வேலை தொடங்குமுன்னரே ஒவ்வொரு வீட்டினரும் 5,000 ரூபாய் வைப்புத்தொகை செலுத்த வேண்டும் என்று கேட்டது. குழாயே கண்ணில் படாதபோது பணத்தைக் கொடுப்பார் யார்? இந்த இடத்தில்தான் குடியிருப்போர் சங்கங்கள் பயன்பட்டன. நகராட்சித் தலைவர் ஆர். எஸ். பாரதி கூட்டம் கூட்டமாகச் சென்று பேச, சங்க நிர்வாகிகள் வீடு வீடாக ஏறி இறங்க, தொகை சேர்ந்தது. மற்றதைக் கடனாகவும் மானியமாகவும் திரட்டி, 2000-இல் வேலையைத் தொடங்கிச் சில வருஷங்களில் முடித்தார்கள். ஊரார் தாமே முன்பணம் கட்டிச் சாக்கடை வாங்கிய இந்த நிகழ்ச்சி, நகர நிர்வாகம் படிப்போர் பலரும் ஆராயும் பாடமாயிற்று. அரசாங்கத்தின் பேரில் நம்பிக்கை வைப்பதைவிட, அடுத்த தெருக்காரர் கொடுத்துவிட்டார் என்பதை அறிந்து கொடுப்பது மனிதர்க்கு எளிதென்று தோன்றுகிறது.

குப்பை விஷயத்தில் பம்மல் வழிகாட்டியது. 1989-இல் எம். பி. நிர்மல் சென்னையில் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கம், ஒவ்வொரு தெருவும் தன் குப்பையைத் தானே ஏற்பாடாகச் சேகரிக்க வேண்டும் என்ற கொள்கையைப் பரப்பி வந்தது. பம்மல் சங்கர நகரில் 1990-களின் நடுப்பகுதியில் மகளிர் மன்றம் ஒன்றைக் கூட்டிய இல்லத்தரசிகள் அக்கொள்கையைக் கைக்கொண்டு, மக்கும் குப்பை வேறு, மக்காத குப்பை வேறு என்று பிரித்து வாங்கி, மாதச் சந்தா வசூலித்து, மூன்று சக்கர வண்டிக்காரருக்கு ஊதியம் கொடுத்து, மண்புழு உரமும் தயாரித்தார்கள். நாளடைவில் அவர்களுடைய அமைப்பு மற்ற ஊர்களின் குப்பை நிர்வாகத்தையும் ஏற்று நடத்தும் அளவுக்கு வளர்ந்தது. தமிழ் நாடகத்தின் தந்தை எனப்படும் பம்மல் சம்பந்த முதலியாரால் மட்டுமே வெளியுலகம் அறிந்திருந்த ஊருக்கு இது இரண்டாவது கீர்த்தி.

இனி நீர். தாம்பரம் வட்டாரத்துச் சங்கங்களின் சரித்திரத்தை ஒரே பொருளைக் கொண்டு எழுத வேண்டுமாயின் அப்பொருள் தண்ணீராகவே இருக்கும். கோடையில் அதன் இன்மையும், கார்த்திகையில் அதன் மிகுதியும். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம் முதலிய ஏரிகளில் மிகுந்த நீர் செம்பாக்கத்தை அடைந்து, அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளின் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போய்ச் சேரும்படி முன்னோர் அமைத்திருந்தனர். 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்ற அச்சதுப்பு நிலத்தின் விஸ்தீரணம் 1,247 ஹெக்டேருக்குச் சற்று மேல். வயல்கள் மனைகளானதும் வரத்துக்கால்வாய்கள் தெருக்களாயின. ஏரிகள் கழிவுநீரும் குப்பையும் ஏற்கும் பள்ளங்களாயின. ஏரி தூர்வாருதல் பண்டைக்காலத்தில் குடிமராமத்து என்ற பெயரால் ஊரார் கடமையாக இருந்தது. 1858-ஆம் வருஷத்துச் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் அதைச் சட்டக் கடமையாகவே ஆக்கிற்று. ஏரிப் பாசனத்தில் பயிரிட்ட ஆயக்கட்டுதாரர் மறைந்தபின் அக்கடமைக்கு உரியவர் இல்லாமற் போயினர். ஒரு மடை நீரும் பாய்ச்சிக்கொள்ளாத புதுக்குடிகள், நிலத்தடி நீர் வற்றிய பிறகு, அதைத் தாமாக எடுத்துக்கொண்டார்கள். 2019-ஆம் வருஷக் கோடையில் சென்னை முழுதும் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தபோது, சிட்லபாக்கம் வாசிகளும் தொண்டர்களும் காய்ந்து கிடந்த தங்கள் ஏரியில் மண்வெட்டியோடும் இயந்திரங்களோடும் இறங்கினர். அதன்பின் அரசாங்கம் அவ்வேரியைச் சீர்செய்ய 25 கோடி ரூபாய் ஒதுக்கியது.

மிகுதியின் கொடுமையை 2015 காட்டிற்று. டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாற்றின் தலைப்பகுதியில் கிடக்கும் முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் ஆகிய இடங்களில் வீடுகளின் கீழ்த்தளம் மூழ்கி, படகில் ஜனங்களை மீட்க வேண்டியதாயிற்று. எந்த வீட்டில் படுத்த படுக்கையாய் ஒரு கிழவி இருக்கிறாள், எந்த வீட்டு மாடி எல்லோரும் ஏறத் தக்கது என்பது போன்ற விவரங்கள் எந்த அலுவலகத்துப் பதிவேட்டிலும் இல்லை. சந்தா வசூலிக்க மாதந்தோறும் படியேறியவருக்கு அவை தெரிந்திருந்தன.

சங்கங்களின் கலாசாரக் காரியங்கள் பெரும்பாலும் எங்கும் உள்ளவையே: பொங்கல் விளையாட்டுப் போட்டி, குடியரசு தினக் கொடியேற்றம், மார்கழி வீதி பஜனை, கண் பரிசோதனை முகாம். நூலகம் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனின் முயற்சியால் 1948-இல் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டத்தின்படி வசூலாகும் நூலக வரி, இப்போது சொத்து வரியில் நூற்றுக்குப் பத்து. தாங்கள் அதைச் செலுத்துகிறோம் என்பதை வீட்டுக்காரரில் பலர் அறியார். அறிந்த சில சங்கங்கள் கிளை நூலகத்துக்கு இடம் கொடுத்தும் வாசகர் வட்டம் நடத்தியும் வருகின்றன.

குறைகளும் உண்டு. இவை பெரும்பாலும் வீட்டுச் சொந்தக்காரரின் சங்கங்கள். தெருவில் பாதிப்பேர் வாடகைக்கு இருந்தாலும் பொதுக்குழுவில் அவர்கள் குரல் கேட்பதரிது. ஏரிக்கரைக் குடிசைவாசியைச் சங்கம் அயலாராக எண்ணாமல் ஆக்கிரமிப்பாளராகவே எண்ணும். நிர்வாகம் அறுபது வயதைக் கடந்தவர் கையில் இருக்கிறது. தலைவர் பதவி இருபது வருஷம் ஒருவரிடமே தங்கினால் அதைப் பேராசை என்று சொல்வதற்கில்லை. வேறொருவர் முன்வராததே காரணம்.

2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாகித் தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. எழுபது வார்டுகள் கொண்ட அம்மாநகராட்சியில், முன்பு நடந்தே போய்ப் பார்த்த பேரூராட்சி அலுவலகத்துக்குப் பதிலாக மண்டல அலுவலகம் வந்தது. மனுவின் முகவரியையே சங்கங்கள் மாற்ற வேண்டியிருந்தது. மறுவருஷம் நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று, வார்டுதோறும் பகுதி சபைகள் கூடின. பம்மலில் ஆறாவது வார்டில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் கலந்துகொண்டார். அப்பகுதியின் வாக்காளர் எவரும் இச்சபையில் பேசலாம். வீட்டுப் பத்திரமோ சந்தா ரசீதோ காட்ட வேண்டுவதில்லை. சங்கக் காரியதரிசியும் அதே கூட்டத்துக்கு வந்து, கால்வாய் அடைப்பு பற்றிய தம் பழைய மனுவின் நகலோடு, வாடகை வீட்டுக்காரருக்குப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து தம் முறைக்குக் காத்திருக்கிறார்.