குழந்தைகளின் தற்கருத்தும் தன்மதிப்பும்

தான் இன்னார், தன்னால் இன்னின்ன செய்ய இயலும் என்று ஒரு குழந்தை தன்னைக் குறித்துக் கொள்ளும் எண்ணம் தற்கருத்து எனப்படும். அவ்வாறு எண்ணிய தன்னை அது எவ்வளவு உயர்வாகவோ தாழ்வாகவோ கருதுகிறது என்பது தன்மதிப்பு ஆகும். இவ்விரண்டும் பிறவியிலேயே முழுமையாக வாய்ப்பன அல்ல. பெற்றோர், உற்றார், அயலார், ஆசிரியர் ஆகியோரின் சகவாசத்தில் படிப்படியாக உருவாவன. வடசென்னையில் இராயபுரத்தை ஒட்டிய காசிமேட்டு மீனவர் வாழ்க்கையை உதாரணமாகக் கொண்டு இவ்வளர்ச்சி இங்கு விளக்கப்படுகிறது.

கொள்கைகள்: ஒருவர் அடைந்த வெற்றியை அவர் கொண்ட ஆசையால் வகுத்துக் கிடைப்பதே தன்மதிப்பு என்று அமெரிக்கத் தத்துவ ஞானி வில்லியம் ஜேம்ஸ் 1890-ல் கூறினார். பிறர் நம்மை எவ்வாறு மதிக்கிறார்கள் என்று நாம் ஊகிக்கிறோமோ, அந்த ஊகமே நம்மைப் பற்றிய நமது அபிப்பிராயமாகிறது என்பது 1902-ல் சமூகவியலார் சார்லஸ் கூலி வெளியிட்ட கொள்கை. குழந்தையின் விஷயத்தில் இரண்டும் உண்மையே.

பருவங்கள்: 1972-ல் பியூலா ஆம்ஸ்டர்டாம் என்னும் உளவியலார், குழந்தைகளின் மூக்கில் அவை அறியாமல் செஞ்சாயம் தடவிக் கண்ணாடியின் முன் விட்டுப் பார்த்தபோது, இரண்டு வயதை நெருங்கியவற்றுள் பெரும்பாலானவை அந்த உருவம் தாமே என்று உணர்ந்தன. மூன்று நான்கு வயதில் குழந்தை தன் உடலையும் உடைமையையும் செயலையும் கொண்டு தன்னை வருணிக்கிறது. “நான் வேகமா ஓடுவேன், எங்க நயினா போட்ல போறாரு” என்று காசிமேட்டுக் குழந்தை சொல்லும்போது, இவ்விரண்டும் அதற்குத் தன் பெருமைகளே. விருப்பத்தையும் திறமையையும் அது இன்னும் பிரித்தறியாதாகையால், அவ்வயதில் தன்னம்பிக்கை மிகுந்தே காணப்படும். ஏழெட்டு வயதில் பிறரோடு தன்னை ஒப்பிடும் வழக்கம் வலுக்கிறது. தான் மொத்தத்தில் எத்தகையவன் என்ற பொதுத் தீர்ப்பும் அப்போதே உருவாகிறது.

குடும்பச் சூழல்: விசைப்படகில் சென்ற தந்தை பல நாட்கள் கடலில் தங்க, தாய் விடியுமுன் ஏலத்துக்கோ மீன் விற்கவோ புறப்பட, ஆயாவும் அக்காவும் அண்டை வீட்டாரும் வளர்க்கும் பிள்ளைகள் இங்கு உண்டு. இது குறைபாடு அன்று. தன்னைப் பேர் சொல்லி அழைக்கவும் தேடவும் பலர் இருப்பது குழந்தைக்கு உறுதி தருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நிகழும் மீன்பிடித் தடைக்காலத்தில் வருமானம் குறைந்து வீட்டில் கவலை கூடினாலும், கரையில் அமர்ந்து வலை செப்பனிடும் தந்தையின் அருகே கழிவு நூலில் முடிச்சுப் போட்டுப் பார்க்கும் நான்கு வயதுப் பிள்ளை, அம்முடிச்சு அவிழ்ந்தபோது திட்டப்படாமல் மறுபடி போடும்படி சொல்லப்பட்டால், தன்னால் முடியும் என்பதைத் தன் விரல்களாலேயே அறிந்துகொள்கிறது.

இகழ்ச்சியின் விளைவு: வடசென்னை என்றாலே முரடர் வாழும் இடம் என்று திரைப்படங்களும் பேச்சும் சித்திரிப்பதும், மீன் நாற்றம் என்று வகுப்பில் முகம் சுளிப்பதும், நிறத்தைச் சொல்லிப் பட்டப்பெயர் இடுவதும், ஒப்பிடத் தொடங்கிய வயதில் குழந்தையின் மனத்தில் ஆழமாகப் பதியக்கூடியவை. அமெரிக்காவில் உளவியலாரான கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியர் நிறம் மட்டும் வேறுபட்ட பொம்மைகளைக் காட்டியபோது, கறுப்பினக் குழந்தைகளில் பலர் வெள்ளைப் பொம்மையையே நல்லது என்றனர். பள்ளிகளில் இனப் பிரிவினையைச் சட்டவிரோதம் என்று அறிவித்த அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் 1954-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலும் இவ்வாராய்ச்சி சுட்டப்பட்டது. சமூகம் ஒரு கூட்டத்தாரைத் தாழ்த்திப் பேசினால், அத்தாழ்வு குழந்தையின் உள்ளத்திலும் குடியேறும் என்பதற்கு இது பிரத்தியட்சச் சான்று.

வளர்க்கும் வழி: புகழ்ச்சி மட்டும் தன்மதிப்பை வளர்ப்பதில்லை. 1967-ல் தம் ஆய்வை வெளியிட்ட ஸ்டான்லி கூப்பர்ஸ்மித், பிள்ளையை அன்புடன் ஏற்றுக்கொண்டு, தெளிவான வரம்புகளை விதித்து, அவ்வரம்புக்குள் அதன் கருத்தையும் மதிக்கும் வீடுகளில் தன்மதிப்பு ஓங்குகிறது என்று கண்டார். 1998-ல் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் வெளியிட்ட சோதனைகளில், புத்திசாலி என்று புகழப்பட்ட மாணவர்கள் தோல்விக்குப் பின் சோர்ந்தனர். பிரயத்தனத்துக்காகப் பாராட்டப்பட்டவர்களோ விடாது முயன்றனர்.

1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தின் அங்கன்வாடிகள், மக்கள் வழக்கில் பால்வாடிகள், 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்கு உணவோடு முன்பருவக் கல்வியும் அளிக்கின்றன. வீட்டுக்கு வெளியே குழந்தை தன்னைப் பற்றிக் கேட்கும் முதல் அபிப்பிராயம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. குழந்தையை அதன் பெயரால் அழைப்பதும், அதன் பெற்றோர் தொழிலையும் வீட்டுப் பேச்சையும் இகழாதிருப்பதும், அது செய்த முயற்சியைக் குறிப்பிட்டுப் பாராட்டுவதும் பொருட்செலவு ஏதுமற்றவை. அவற்றைத் தவறாமல் செய்வது ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் உரிய கடமையாகும்.